திருவேற்காட்டு வீட்டைப் பார்த்த கையோடு

அன்புள்ள தோழி,

அம்பத்தூரில் அக்கா வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ டோம்பிவிலியில் இருந்துகொண்டு வீடியோவில் மட்டும் பார்த்த அந்தத் திருவேற்காட்டு ஃபிளாட்டை இன்று நேரில் பார்த்துவிட்டேன். உன்னைக் காத்திருக்க வைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீடு நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் விலைக்கு அதை வாங்காதே. ஃபோனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் காரணத்தை எழுதுகிறேன். உன் சம்பளத்தில் மிச்சம் பிடித்த 16 லட்சம் இது. நிதானமாகப் படி.

அயனம்பாக்கம் வழியாகத்தான் போனேன். கார்த்திகை மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. வீடு பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வெள்ளிக்கிழமை வேறு. தேவி கருமாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவே இடமில்லை. உப்பும் மிளகும் விற்கிறவர்கள், புற்றுக்குப் பால் ஊற்ற வந்த பெண்கள், எலுமிச்சை மாலைக்காரர்கள், வேப்பிலையைக் கூறு கட்டி வைத்திருக்கும் பாட்டிகள். கூட்டத்தில் நின்று உன் பெயருக்கும் அர்ச்சனை செய்தேன். பக்கத்திலேயே வேதபுரீஸ்வரர் கோயில். சம்பந்தர் பாடிய தலம், வெள்வேல மரம் தலவிருட்சம். அங்கே கூட்டமே இல்லை. மூர்க்க நாயனார் பிறந்த ஊர் இதுதான் என்பது உனக்குத் தெரியுமா? இருந்த சொத்தையெல்லாம் விற்று அடியாருக்கு அமுது படைத்தவர். விற்க ஒன்றுமில்லாமல் போனதும் சூதாடி, ஜெயித்த பணத்தைத் தன் கையால் தொடாமல் சமையல்காரர்களிடம் கொடுத்து அன்னதானத்தைத் தொடர்ந்தார். உள்ளூரில் அவரோடு ஆட ஆள் இல்லாமல் போனதால் கும்பகோணம் வரை போனாராம். அவர் கதையை நினைத்துக்கொண்டே உன் கட்டடத்துக்கு நடந்தேன்.

நான்கு மாடி, கீழே கார் நிறுத்தும் இடம். உன்னிடம் சொன்னது போலவே 900 சதுர அடி, இரண்டு படுக்கையறை, கட்டி முடித்து இரண்டு வருடம். விற்காமல் நின்றுபோன வீட்டை பில்டரே வாடகைக்கு விட்டிருக்கிறார். இப்போது அதையே, குடித்தனக்காரரோடு சேர்த்துத் தருகிறோம், வாடகை வசூலும் ரிப்பேரும் எங்கள் பொறுப்பு, நீங்கள் மும்பையில் இருந்தபடியே மாதாமாதம் பணம் பார்க்கலாம் என்கிறார்கள். உன்னைப் போல வெளிமாநிலத்தில் வேலை செய்யும் தமிழர்களைக் குறிவைத்துத்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பேச்சில் பொய் இல்லை. ஆனால் அவர்கள் முன்வைக்கும் கணக்கு பாதிக் கணக்கு.

முழுக் கணக்கு இது. விலை 52 லட்சம். 2023 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்தே பத்திரம் போட வேண்டும். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவிகிதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவிகிதம். இரண்டுக்கும் பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆகவே உனக்கு 7 சதவிகிதம், அதாவது 3,64,000 ரூபாய். கட்டி முடித்த சான்றிதழ் வாங்கிய வீடு என்பதால் ஜி.எஸ்.டி. கிடையாது, அது ஒரு லாபம். விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1 சதவிகிதம் டி.டி.எஸ். பிடித்து நீதான் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். உன் 16 லட்சத்தைப் போட்டுவிட்டு மீதி 40 லட்சம் கடன் வாங்கினால், எட்டரை சதவிகித வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 34,700. வாடகை 14,000. ஒவ்வொரு மாதமும் உன் சம்பளத்திலிருந்து 20,700 ரூபாய் இந்த வீட்டுக்குள் போகும். புது வரி முறையில் இருக்கிறாய் என்றால், வாடகையைத் தாண்டிப் போகும் வட்டியைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

வாடகை விலையில் மூன்றே கால் சதவிகிதம்கூட வரவில்லை என்பதைக் கவனி. அதிலும் சொத்து வரி, வீடு காலியாகக் கிடக்கும் மாதம், குடி மாறும்போது வெள்ளையடிப்பது, வசூலித்துத் தருவதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் கட்டணம் எல்லாம் போக வேண்டும். மூன்று வருடம் வாடகைக்கு உத்தரவாதம் என்கிறார்களே, அந்தப் பணம் உன்னிடம் வாங்கும் விலைக்குள்ளேயே இருக்கிறது.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது தண்ணீர். வந்தவுடன் வீட்டுக்குள் போகவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் போய் நின்றேன். "2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணே?" என்று கேட்டதும் அவர் வண்டிச் சக்கரத்தைக் காட்டினார், முழுசாக மூழ்கிப்போனதாம். 2021-லும் வந்ததாம். மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பரில் இரண்டு நாள் நின்றதாம். கூவம் இந்த ஊரை ஒட்டித்தான் போகிறது. கேசவரம் அணையிலிருந்து வரும் ஆறு, பருத்திப்பட்டைத் தாண்டித் திருவேற்காடு வந்து, மதுரவாயல், அரும்பாக்கம் என்று நகரத்துக்குள் நுழைகிறது. நகரத்துக்குள் ஓடும் சாக்கடையைத்தானே நமக்குத் தெரியும்; இங்கே மழைக்காலத்தில் அது இன்னமும் ஆறு, தன் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. உன் வீடு மூன்றாம் மாடி, நனையாது. ஆனால் மோட்டாரும் மின் இணைப்புப் பெட்டியும் கீழேதான் இருக்கின்றன. அவை நனைந்தால் மூன்றாம் மாடிக்காரருக்கும் தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை. அப்படிப்பட்ட வாரத்துக்குப் பிறகு குடித்தனக்காரர் சாவியைத் திருப்பித் தருவார். அதை நீ டோம்பிவிலியிலிருந்து என்ன செய்வாய்?

குடியிருக்கும் அம்மாவோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, மகள் வேலப்பன்சாவடியில் பல் மருத்துவக் கல்லூரிப் பக்கம் வேலைக்குப் போகிறாள். நல்ல மனுஷர்கள். காபி கொடுத்தார்கள். போர் தண்ணீர் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் கேன்தான். இந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை, கழிவுநீர் லாரி அடிக்கடி வர வேண்டியிருக்கிறது, அந்தச் செலவு மெயின்டனன்ஸில் ஏறிக்கொண்டே போகிறது. "வாடகை கம்மி, மத்ததுதான் ஜாஸ்தி" என்றார். அவர் சொன்ன இன்னொன்று முக்கியம்: அட்வான்ஸாக 80,000 ரூபாய் பில்டரிடம் கொடுத்திருக்கிறார்கள். வீடு உன் பெயருக்கு மாறினால் அந்த 80,000-ஐத் திருப்பித் தர வேண்டியவள் நீ. விலையில் அதைக் கழித்துக்கொள்வதைப் பற்றி யாரும் உன்னிடம் பேசவில்லை, இல்லையா? வாடகை ஒப்பந்தமும் வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புது வாடகைச் சட்டப்படி எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவர்களுக்கும் அது பாதுகாப்புதானே.

மெட்ரோ வந்துவிடும், விலை ஏறிவிடும் என்று தரகர் விடாமல் சொன்னார். வருவது உண்மை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை போகும் நான்காம் வழித்தடம், 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் நடுவே சோதனை ஓட்டமும் நடந்தது. ஆனால் அது போரூர், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி என்று நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் போகிறது. திருவேற்காட்டுக்காரர் ஷேர் ஆட்டோ பிடித்துத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஆட்டோ கோயில் கூட்டத்தைத் தாண்டுவதை நினைத்துப் பார்.

பத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இது கோயில் ஊர், ஏரிகள் சூழ்ந்த ஊர். கோயில் நிலமோ நீர்நிலைப் புறம்போக்கோ என்று தெரியாமல் சர்வே எண்ணைத் தொடக் கூடாது. இதே திருவேற்காட்டில் கோலடி ஏரிக்குள் வருகிறது என்று 2024-ல் வீடுகளுக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள். பல வருடம் வரி கட்டி, கரண்டு பில் கட்டிக் குடியிருந்த ஜனங்கள். அவர்களை நினைத்தால் மனது ஆறவில்லை. வரி ரசீதும் மின் இணைப்பும் நிலத்துக்குச் சாட்சி ஆகாது. வில்லங்கச் சான்று 1975 முதல் ஆன்லைனிலேயே எடுக்கலாம்; அதற்கு முந்தையதற்குத் தாய்ப்பத்திரத்தையும் அ-பதிவேட்டையும் வக்கீல் பார்க்க வேண்டும். பில்டர் கொடுத்த வக்கீல் கருத்தை வைத்துக்கொண்டு திருப்திப்படாதே, உனக்கென்று ஒருவரை வை. இந்த வீட்டோடு உனக்கு வரும் பிரிபடாத நிலப் பங்கு 360 சதுர அடி. இருபது வருடம் கழித்து கட்டடம் பழசாகும், மிஞ்சப்போவது அந்த 360 சதுர அடிதான்.

வேண்டாம் என்று சொல்வதோடு விடாமல் வேறொன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். வேலப்பன்சாவடிப் பக்கம், நெடுஞ்சாலைக்கு நடந்து போகும் தூரத்தில், பத்து வருடப் பழைய கட்டடம், முதல் மாடி, ஆறே குடித்தனம். 780 சதுர அடி, நிலப் பங்கு 510. கேட்கிற விலை 36 லட்சம். தெரு மேடாக இருக்கிறது. 2015-லும் வாசல்படி நனையவில்லை என்று கீழ்வீட்டுப் பெரியவரும் எதிர்க் கடைக்காரரும் தனித்தனியாகச் சொன்னார்கள். மறுவிற்பனை என்பதால் பதிவுச் செலவு 9 சதவிகிதம், 3,24,000. உன் பணம் போக 23.5 லட்சம் கடன் எடுத்தால் தவணை சுமார் 20,400. வாடகை 13,000 வருகிறது, ஏனென்றால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களும் ஆஸ்பத்திரி நர்ஸ்களும் இந்தப் பக்கம்தான் வீடு தேடுகிறார்கள். உன் கையிலிருந்து மாதம் 7,400 போகும். அதை நீ தாங்குவாய். அந்தப் பெரியவர்தான் சங்கத்துக் கணக்கையும் பார்க்கிறார். நோட்டைக் காட்டினார், பைசா சுத்தமாக எழுதியிருக்கிறார். குளியலறைக் குழாய்கள் மாற்ற வேண்டும், சமையலறைச் சுவரில் ஓதம் இருக்கிறது. இரண்டையும் சொல்லி விலையில் ஒன்றரை லட்சம் குறைக்கக் கேட்கலாம்.

திங்கள்கிழமை அத்தானோடு போய் இந்த இரண்டாவது வீட்டின் பத்திர நகலை வாங்கி வக்கீலிடம் கொடுக்கிறேன். அவர் பார்த்துச் சொல்லும் வரை யாருக்கும் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பாதே, முதல் வீட்டுக்காரர் எத்தனை தடவை ஃபோன் செய்தாலும். மார்கழியில் பத்திரம் போட இங்கே யாரும் சம்மதிக்க மாட்டார்கள். தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். அது வரை நீ வங்கியில் கடன் தகுதியைக் கேட்டு வை. பவர் எழுதிக் கொடுத்து என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லாதே, நீயே லீவு போட்டு வா. வீட்டை ஒரு தடவை உன் கண்ணால் பார், அந்தத் தெருவில் சாயங்காலம் நட, குடியிருக்கிறவர்களோடு பேசு. மாமாவிடமும் கலந்துகொண்டு இந்த வாரத்துக்குள் பதில் எழுது.

அன்புடன்,
உன் தோழி