கலங்கலாக மூன்று படம்

மெமரி கார்டில் இன்னும் 40 படத்துக்குத்தான் இடம். பெட்ரோல் இரண்டு கோடு. பையில் துவைத்த சட்டை ஒன்றுகூட இல்லை. எட்டாவது நாள் காலை, பொந்தியானில் ஓர் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரேக்குமாகப் பசியாறிக்கொண்டிருந்தபோது என் நிலைமை இதுதான். இன்னும் ஒரே ஓர் இடம் பாக்கி. தஞ்சோங் பியாய். அதற்கு அப்பால் சாலை கிடையாது. ஆசியாக் கண்டத்தின் பெருநிலம் அங்கேதான் முடிகிறது.

காரின் மீட்டரில் 1,140 கிலோமீட்டர் கூடியிருந்தது. கோலாலம்பூரில் கிளம்பி மூவார், குளுவாங், எண்டாவ் ரொம்பின் காடு, மெர்சிங், கோத்தா திங்கி என்று ஜொகூரை ஒரு சுற்று. பழைய மைவி, தவணையில் வாங்கிய கேமரா, யாரோ பயன்படுத்தி விற்ற 150-600 மி.மீ. லென்ஸ், அப்புறம் நான். வேறு யாரும் இல்லை.

வேறு யாரும் இல்லை என்பதுதான் வீட்டில் பிரச்சினை. “ஊருக்கெல்லாம் வானொலியில காலை வணக்கம் சொல்ற. நீ எங்க இருக்கன்னு எனக்குச் சொல்ல மாட்டியா?” என்று அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் மூன்று நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டார். ஒரு நாளைக்கு மூன்று முறை போன். வாட்ஸ்அப்பில் நான் இருக்கும் இடம் எப்போதும் தெரிய வேண்டும். இரவு ஏழு மணிக்குமேல் சாலையில் இருக்கக்கூடாது. முதல் இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். மூன்றாவதை ஒரே ஒரு நாள் மீறினேன்.

அதற்கு முன்னால் பயணத்தின் நல்ல பகுதி. மூவாருக்குத் தெற்கே பாரிட் ஜாவா என்ற மீனவர் ஊர். அசாம் பெடாஸ் சாப்பிடப் போகிறவர்கள் அதிகம். கடல் வற்றியிருக்கும்போது அங்கே படகுத்துறைப் பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள். சேற்றில் சிறு பெருநாரைகள் நிற்கும். ஏறக்குறைய நம் நெஞ்சு உயரம், வழுக்கைத் தலை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மாதிரி ஒரு நடை. மலாயில் பெயரே ‘பூரோங் போத்தாக்’. காரின் கண்ணாடியை இறக்கி, அம்மாவின் பழைய துணிப்பையில் பச்சைப்பயறு நிரப்பிய மூட்டையை அதன்மேல் வைத்து, லென்ஸை அதில் சாய்த்துப் படம் எடுத்தேன். முக்காலியைவிட இது மேல். காரைவிட்டு இறங்கினால்தான் பறவை பறக்கும். காரை அது பொருட்படுத்துவதில்லை. (அந்தப் பயறு இரண்டு கிலோவையும் அம்மா திருப்பிக் கேட்டுவிட்டார் என்பது தனிக்கதை.)

குளுவாங்கில் இரண்டு நாள் தங்கியதற்குக் காரணம் பாட்டி. ஊர்ப்பெயரே ‘கெலுவாங்’ என்ற பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்தது. தாத்தாவுக்கு இழுப்பு இருந்தது. வௌவால் கறிதான் மருந்து என்று தோட்டத்தில் யாரோ சொல்ல, பாட்டி மிளகு போட்டுச் சமைத்துக் கொடுத்ததாகச் சொல்வார். இழுப்பு போகவில்லை. நான் இரண்டு மாலையும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வௌவால்கூட என் படத்தில் விழவில்லை. மெர்சிங்கிலிருந்து படகில் போகிறோமே, அந்தத் தியோமான் தீவில் டுரியான் மரங்களில் கேமராவைக் கட்டி வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நடக்கப் பழந்தின்னி வௌவால்கள் உதவுகின்றன என்று அது காட்டியது. இதைப் படித்ததிலிருந்து டுரியான் உரிக்கும்போதெல்லாம் தாத்தாவின் மருந்து ஞாபகம் வந்து கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

பாட்டி பால் மரம் வெட்டிய தோட்டத்தைத் தேடிப் போனேன். கித்தா இல்லை, செம்பனை. லயங்கள் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்து நிற்கிறது. அந்த லயத்துப் பின்பக்கம் இரவில் யானை வரும் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். யானை என்று சொல்லமாட்டார். “சாமி வந்துருக்கு” என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றிவிட்டுப் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாராம். மறுநாள் போய்ப் பார்த்தால் வாழை ஒன்றும் இருக்காது. உண்மையில் இந்தப் பயணமே அந்தச் சாமியைப் படம் எடுக்கத்தான்.

அதனால்தான் எண்டாவ் ரொம்பின். காஹாங்கிலிருந்து உள்ளே போக 50 கிலோமீட்டருக்குமேல் மண் சாலை. மைவியை ஊரிலேயே விட்டுவிட்டு நான்கு சக்கர இழுவை வண்டியில் போக வேண்டும். போவதானால் மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் நடுவில் திட்டமிடுங்கள். வடகிழக்குப் பருவமழையின்போது மூடிவிடுவார்கள். பூங்காவின் வாசலில் கம்போங் பெத்தா, ஜக்கூன் பூர்வகுடி மக்களின் கிராமம். வழிகாட்டியும் அவர்களில் ஒருவர்தான். காட்டுக்குள் நுழையும்போதே புலியின் பெயரைச் சொல்லாதே என்றார். ‘பாக் பெலாங்’ என்று சொல்ல வேண்டுமாம், வரிக்காரப் பெரியவர் என்பது போல. நாட்டில் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கின்றன என்பது கணக்கு. பெயர் சொல்லாமல் இருப்பது இப்போது சுலபம்தான்.

உப்பே குலிங் அருவியில் பாறை முழுக்கக் குளியல் தொட்டிகள் போலக் குழிகள். வெள்ளத்தில் சிக்கிய கூழாங்கற்கள் சுழன்று சுழன்று குடைந்தவை. விசிறி போன்ற ஓலை விரித்த பனைகள், ‘விஷ் விஷ்’ என்று ரயில் கிளம்பும் சத்தத்தில் தலைக்குமேல் பறந்த இருவாட்சி ஜோடி என்று காட்சிக்குக் குறைவில்லை. 1977-ல் இந்தக் காட்டின் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி கொடுத்தபோது நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. மலாயா இயற்கைக் கழகம் அதில் முன்னால் நின்றது. 1985-ல் விஞ்ஞானிகளையும் தன்னார்வலர்களையும் கூட்டிக்கொண்டு அதே கழகம் இங்கே ஓர் ஆய்வுப் பயணம் நடத்தியது. அன்றைக்கு இங்கே சுமத்ரா காண்டாமிருகம் இருந்தது. மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. இனி எந்த லென்ஸ் வாங்கியும் பயனில்லாத படம் அது.

யானை? மூன்று நாளில் சாணம் பார்த்தேன். மரத்தில் உடம்பைத் தேய்த்த சேற்றை என் தலைக்குமேல் உயரத்தில் பார்த்தேன். தண்ணீர் நின்ற காலடிக் குழி ஒன்றில் தலைப்பிரட்டைகள் நீந்தின. அவ்வளவுதான். “பார்க்கவில்லையே என்று வருத்தப்படாதே, அது உன்னைப் பார்த்திருக்கும்” என்று வழிகாட்டி மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

ஆறாம் நாள். மெர்சிங் படகுத்துறையில் மாலை வெயில் அழகாக விழுந்தது. ‘இன்னும் பத்து நிமிஷம்’ என்று ஐந்து முறை சொல்லிக்கொண்டேன். கோத்தா திங்கி நோக்கிக் கிளம்பும்போது மணி ஆறரை. ஜெமாலுவாங் தாண்டி ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் செம்பனை. யானைப் படம் போட்ட மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. ஏழே கால் இருக்கும், ஒரு வளைவில் பாட்டியின் சாமி நின்றது.

தாய் யானை. சாலை ஓரத்துப் புல்லைத் தும்பிக்கையால் சுருட்டி, முழங்காலில் தட்டி மண்ணை உதறி, வாயில் வைத்தது. காட்டை வெட்டிச் சாலை போட்டால் ஓரத்தில் வெயில் விழுகிறது, புல் தழைக்கிறது. நாமே விருந்து வைத்து அழைக்கிறோம். அதன் காலுக்குப் பின்னால் ஒரு குட்டி.

காரை ஓரம் கட்டினேன். வெளிச்சம் பட்டால் மிரண்டுவிடும் என்று விளக்கை அணைத்தேன். பயறு மூட்டையை எடுத்து வைத்தேன். கை நடுங்கியது. குட்டி மெல்லச் சாலையில் இறங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று முறை அழுத்தினேன்.

பின்னால் ஹாரன் சத்தமும் பிரேக் சத்தமும் சேர்ந்து வந்தன. செம்பனைக் குலை ஏற்றிய லோரி. என் காருக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது நின்றது. இரண்டு குலைகள் உருண்டு தார்ச் சாலையில் விழுந்தன. தாய் பிளிறியது. குட்டி திரும்பி ஓடி அதன் வயிற்றுக்கு அடியில் நுழைந்துகொண்டது.

லோரி தன் டபுள் சிக்னலைப் போட்டது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி மலாயில் கத்த ஆரம்பித்து, என் காரில் தொங்கிய முருகன் படத்தைப் பார்த்தாரோ என்னவோ, தமிழுக்கு மாறினார்.

“தங்கச்சி! படம் அப்புறம் புடிக்கலாம், மொதல்ல லைட்டப் போடுங்க! யானை தெரியுது எனக்கு. ஒங்க காடிதான் தெரியல!”

இதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் 2025 மே 11-ஆம் தேதி உங்களுக்கு நினைவிருக்கும். அன்னையர் தினம். கிரிக் – ஜெலி நெடுஞ்சாலையில் லோரி மோதிச் செத்த குட்டியை விட்டுப் போகாமல், தாய் யானை அந்த லோரியில் தலையை முட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்ற வீடியோவை நாடே பார்த்தது. அந்த வாரம் என் நிகழ்ச்சியிலும் அதைப் பேசினோம். நேயர்கள் அழைத்து அழுதார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு லோரி ஓட்டுநர்களின் வேகத்தைப் பற்றி நீளமாகப் பேசினேன். இன்று வளைவில், இருட்டில், விளக்கை அணைத்துவிட்டு வண்டியை நிறுத்தியது நான். நேரத்துக்கு பிரேக் அடித்தது அவர்.

டபுள் சிக்னலைப் போட்டுவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எதிரே வரும் வாகனங்களுக்கு விளக்கை அடித்து அடித்து நிறுத்தினார். அந்தப் பக்கம் ஏழெட்டுக் கார்கள், இந்தப் பக்கம் நாலைந்து. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம். காட்டுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு பெரிய யானைகள் வந்தன. பிறகு குட்டியை நடுவில் விட்டு எல்லாம் சேர்ந்து சாலையைக் கடந்து செம்பனைக்குள் இறங்கின. அங்கேயும் யாரோ ஒருவரின் இளங்கன்றுகளைத்தான் சாப்பிட்டிருக்கும். அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

கேமரா மடியில் கிடந்தது. எடுத்திருந்தாலும் வெளிச்சம் இல்லை.

அண்ணன் விழுந்த குலைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “எங்க போறீங்க? கோத்தா திங்கியா? என் பின்னாலயே வாங்க, முந்தாதீங்க” என்றார். வாரத்தில் ஐந்து நாள் இதே சாலையாம். வளைவுகளில் எங்கே மெதுவாகப் போக வேண்டும் என்று அவர் லோரிக்குத் தெரிந்திருந்தது. ஊர் எல்லைவரை அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். என் குரலை வைத்து நான் யார் என்று அவர் கண்டுபிடித்துவிடக்கூடாதே என்ற பயம் வேறு. போனில் அம்மாவின் ஒன்பது தவறிய அழைப்புகள்.

இப்படி யானையைச் சாலையில் கண்டால் என்ன செய்வது என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டதைத் தருகிறேன். தூரத்திலேயே நிறுத்துங்கள். விளக்கைத் தாழ்த்துங்கள், அணைக்காதீர்கள். டபுள் சிக்னல் எரியட்டும். இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், ஃபிளாஷ் வேண்டாம். ஒன்று கடந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள், பின்னால் குட்டி வரும். இதோடு என் பங்குக்கு ஒன்று: எந்தக் கிலோமீட்டரில் பார்த்தேன் என்று கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம். சொல்லமாட்டேன்.

எட்டாம் நாளுக்கு வருவோம். தஞ்சோங் பியாய், குக்குப்புக்கு அப்பால். பக்கத்திலிருக்கும் பூலாவ் குக்குப், சுங்கை பூலாய் ஆகியவற்றோடு சேர்த்து 2003-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சதுப்புநிலக் காடு. நடைபாதையின் இருபுறமும் பாக்காவ் மரங்கள், கீழே சேறு. கடல் வற்றியிருந்த நேரம் என்பதால் சேறு முழுக்க உயிர். செவுள் அறையில் தண்ணீரைச் சேமித்துக்கொண்டு நிலத்தில் உலாவும் தெம்பாக்குல் மீன்கள், முதுகுத் துடுப்பைக் கொடி மாதிரி உயர்த்திக்கொண்டு ஒன்றை ஒன்று மிரட்டின. ஆண் மீன் பெண்ணுக்குக் காட்ட எம்பிக் குதிக்கிறது. குதித்து விழும்போது சேறு தெறிக்கிறது. குப்புறப் படுத்து முப்பத்தெட்டுப் படம் எடுத்தேன். ஒரு குரங்கு என் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுபோனது.

முனையில் நின்றால் எதிரே நீரிணை. நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாக நின்றன, தூரத்தில் இந்தோனேசியாவின் கரிமுன் தீவு மங்கலாகத் தெரிந்தது. கேமராவில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளி அந்த மூன்றுக்கு வந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கலங்கல், அதன் காலடியில் ஒரு சின்னக் கலங்கல், மூன்றாவதில் மூலையில் லோரி விளக்கின் மஞ்சள் கீற்று. இடம் போதாதபோது முதலில் அழிக்க வேண்டியவை. அழிக்காமல் அம்மாவுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

“என்னடி இது, ஒண்ணுமே தெரியல?”

“யானைம்மா. குட்டியோட.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பெரிதாக்கிப் பார்க்கிறார் போலிருக்கிறது.

“பாட்டி சொன்ன சாமியா?”

“ஆமா.”

“சரி. இப்ப எங்க இருக்க?”

“ஆசியாக் கண்டத்தோட கடைசியில.”

“ஏழு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரு. பயறக் கொட்டிறாத.”

நீர் ஏறத் தொடங்கியிருந்தது. தெம்பாக்குல் மீன்கள் ஒவ்வொன்றாக வளைக்குள் இறங்கின. காருக்குப் போய் முதலில் விளக்கைப் போட்டேன். மணி பதினொன்றுதான், நல்ல வெயில்.