வாடின செடிக்கு வார்த்த தண்ணீர்

வீடு பசுமலையில், வெள்ளாமை பூம்பாறையில். மதுரையின் ராப்புழுக்கத்தில் உருளை கிழங்கு வைக்காது. அதனால்தான் கொடைக்கானல் மலையில் படிப்படியாக இறங்கும் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தேன்.

முதல் போகத்தில் ஒரு மத்தியானம், மேல்படியில் நாலைந்து செடிகள் துவண்டு கிடந்தன. இலை பழுக்கவில்லை, வெயிலில் போட்ட கீரைக்கட்டு மாதிரி பச்சையாகவே தொங்கியது. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டன. தண்ணீர் பற்றவில்லை என்று குழாயைத் திறந்துவிட்டேன். இரண்டு வாரத்தில் கீழ்ப்படிகளும் படுத்துவிட்டன.

பக்கத்துக் காட்டுப் பெரியவர் வந்தார். "தம்பி, கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணி கொண்டாங்க."

அடித்தண்டை அறுத்து, வெட்டுவாய் நீரைத் தொடும்படி ஆடாமல் பிடித்தார். சில நிமிடங்களில் பால் நூலாக இறங்கியது. அத்தனையும் பாக்டீரியா, 1896-ல் விஞ்ஞானி எர்வின் ஸ்மித் விவரித்த ரால்ஸ்டோனியா. வேர்க்காயம் வழியாகப் புகுந்து, தண்டின் நீர்ப்பாதையை அடைத்துவிடும். காலடியில் ஈரமிருந்தும் செடி தாகத்தில் சாகும். நான் விட்ட தண்ணீர்தான் பாக்டீரியாவைப் படியிறக்கியிருந்தது. பூஞ்சை வாடலில் அடியிலை முதலில் பழுக்கும், பால் இறங்காது.

விழுந்த செடியை எழுப்ப மருந்தில்லை. கிழங்கோடும் மண்ணோடும் தோண்டியெடுத்து, வாய்க்கால் பக்கம் போகாமல் எரிக்கிறேன். குழியில் பிளீச்சிங் பவுடர். நடும்போதும் ஏக்கருக்குச் சுமார் 5 கிலோ சாலில் தூவுகிறேன். விதைக்கிழங்கை வெட்டுவதில்லை, சிறு கிழங்கை முழுசாகவே ஊன்றுகிறேன். நோயுள்ள ஒரு கிழங்கில் பட்ட கத்தி அடுத்ததற்கும் கொடுத்துவிடும். அடுத்த போகங்களில் மலைப்பூண்டு, முட்டைக்கோஸ். தப்புமுளையாக வரும் உருளையை விட்டுவைப்பதில்லை. குழம்புக்கென்று வரப்பில் விட்டிருந்த மணத்தக்காளியையும் பிடுங்கிவிட்டேன். அதுவும் இந்த நோய்க்கு வீடு.

மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போனால் கண் உருளைக் குவியலின் கண்களைத்தான் பார்க்கிறது. கண்ணில் மண் பிசினாக ஒட்டியிருந்தால் சந்தேகம். அறுத்து அமுக்க, பழுப்பு வளையத்தில் வெள்ளைச் சீழ் துளிர்த்தால் சந்தேகமில்லை. ஆனால் வெளியே குறையே தெரியாத கிழங்கும் நோயைச் சுமக்கும். அதனால் சந்தைக் கிழங்கை விதைக்கு எடுப்பதில்லை.

இப்போதும் மத்தியானத்தில் ஒரு செடி துவண்டால் கை முதலில் குழாய்க்குத்தான் போகிறது. அதைத் திருப்பி டம்ளரை எடுக்க வைப்பதற்குள், நடந்ததை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.