உள்ளேன் ஐயா



ஆலத்தியூர் வீட்டில் மகன் அறைக்கு அறை ஸ்பீக்கர் வைத்திருக்கிறான். பெரிய ஓட்டல்களில் வைக்கிற மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி. பூஜையறையில் சுப்ரபாதம், கூடத்தில் செய்தி, என் அம்மா படுத்திருக்கும் அறையில் அமைதி. எல்லாம் செல்போனிலேயே.

போன மாதம் நள்ளிரவில் கரண்ட் போய் வந்தது. அடுத்த நிமிடம் எல்லா அறையிலும் பாட்டு அலறியது. செல்போனோ சத்தம் பூஜ்யம் என்கிறது! 91 வயது அம்மா நடுங்கிப் போனார். ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

மகன் ஊருக்கு வந்து காரணம் கண்டுபிடித்தான். வீட்டை இயக்கும் கருவி முதலில் விழித்து, 'சத்தத்தை நிறுத்து' என்று உத்தரவு அனுப்பியிருக்கிறது. ஒலிப்பெட்டி அப்போது விழிக்கவே இல்லை. பதில் வராமலே, சொன்னது நடந்துவிட்டதாகக் கருவி குறித்துக்கொண்டது.

"'உள்ளேன் ஐயா' வருமுன்னே வருகைப் பதிவேட்டை முடிச்ச மாதிரிடா" என்றேன்.

இப்போது பெட்டி விழிக்கும்போதே ஊமையாகத்தான் விழிக்கும். அதன் பதில் வந்த பிறகே திரையில் அளவு தெரியும். அம்மா அறைச் சத்தத்துக்கு உச்சவரம்பு உண்டு. நான் கேட்டபடி, பெட்டிக்குத் தனி சுவிட்சும் வந்துவிட்டது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வருடம் மூன்று நாள் வராத மாணவனை, நிமிர்ந்து பார்க்காமல் வந்ததாக எழுதியிருந்தேன். அவன் மஞ்சள் காமாலையில் கிடந்தது பிறகுதான் தெரிந்தது. அவனும் இதைப் படிப்பான்.

மன்னித்துக்கொள் தம்பி.