மெய் பேசும் மொழி

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு, அடையாற்று வெள்ளம் கரைமீறி எங்கள் தெருவுக்குள் புகுந்தது. முழங்காலளவு நீர் இடுப்பளவு ஆவதற்குள், நடக்க இயலாத அம்மாவை இரு கைகளிலும் ஏந்தி மாடிப்படி ஏறினேன். மூன்றாம் நாள் நீர் வடிந்தது. நனைந்த நூல்களைத் தெருவில் குவித்தோம், சுவருக்கு வெள்ளையடித்தோம். அம்மாவும் நலமாகவே இருந்தார். எல்லாம் முடிந்துவிட்டதென்றே எண்ணினேன்.

என் கைகள் அவ்வாறு எண்ணவில்லை. அடுத்த மழைக்காலத்தில், வகுப்பறைத் தகரக் கூரைமேல் தூறல் விழுந்தபோது விரல்கள் தாமாகவே மடங்கி இறுகின. தோள்கள் உயர்ந்தன; பாடம் சொன்ன குரல் பாதியில் நின்றது. இதயத்தில் குறையொன்றும் இல்லை என்றார் மருத்துவர்.

தோழியின் வற்புறுத்தலால் மனநல ஆலோசகர் ஒருவரிடம் சென்றேன். பெயர்ப்பலகையைக் கண்டு படியேறத் தயங்கியதை மறைப்பதற்கில்லை. சொல்ல வேண்டியவற்றையெல்லாம் ஒத்திகை பார்த்துச் சென்றிருந்தேன். அவரோ, “அந்த இரவைப் பற்றி இப்போதே சொல்ல வேண்டாம், டீச்சர். மழை என்றதும் உடம்பில் எங்கே, என்ன தெரிகிறது?” என்றார்.

அதற்கு என்னிடம் சொல் இல்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தியவள் நான். உள்ளத்து உணர்வு உடலின்வழிப் புலப்படுவதே மெய்ப்பாடு என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! என் மெய்யை மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

“உள்ளங்கையில் கனம்” என்றேன், நெடுநேரம் கழித்து. கனமில்லாத இடம் எது என வினவினார். பாதங்கள் என்றேன். பாதங்களால் தரையை அழுத்தி உணரச் செய்தார், பின்பு கைகளைக் கவனிக்கச் சொன்னார், மீண்டும் பாதங்கள். மனம் ஊஞ்சல்போல் இரண்டிற்கும் இடையே சென்று வந்தது. பீட்டர் லெவின் என்னும் அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறை இது. வேட்டை விலங்கிடமிருந்து தப்பிய மான் உடலை உதறிவிட்டு மேயச் செல்லும். மனிதரோ உதறாமல் அடக்கிக்கொள்கின்றனர் என்பது அவர் கருத்து. 1997இல் அதனை நூலாகவும் எழுதினார். அறிவியலார் அனைவரும் அதனை ஏற்றனர் எனக் கூற இயலாது. ஆயினும், மூச்சை நீட்டி வெளிவிடுகையில் இதயத்துடிப்பு தணிவது உடலியல் அறிந்த செய்தி.

மூன்றாம் சந்திப்பில் என் கைகள் எதையோ ஏந்துவதுபோல் உயர்ந்தன. அவர் தடுக்கவில்லை.

“யாரைத் தாங்குகிறீர்கள்?”

“அம்மாவை.”

“எங்கே இறக்கிவைத்தீர்கள்?”

படியேறியது நினைவில் இருந்தது, இறக்கிவைத்தது இல்லை. கைகளை மெல்ல, மிக மெல்லத் தாழ்த்தச் சொன்னார். தாழ்த்தினேன். தோள்கள் நடுங்கின. வெள்ளத்தன்று வராத அழுகை அன்று வந்தது.

வீடு திரும்பியபோது அம்மா நாற்காலியில் அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெளியே தூறல் தொடங்கியது. விரல்கள் மடங்கத்தான் செய்தன. பாதங்களைத் தரையில் ஊன்றி அருகே அமர்ந்தேன். அம்மா ஒரு கொத்துக் கீரையை என் பக்கம் நகர்த்தினார்.