மூடியில் ஓர் ஓட்டை

சூ-வீட் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘வெற்றிடத்தில்’ என்று பொருள். பெயர் வைத்தவர்கள் பையைப் பார்த்து வைத்துவிட்டார்கள். 1974-இல் ழார்ஜ் பிராலு, ரோவான் நகரின் த்ருவாக்ரோ உணவகத்துக்காக வாத்து ஈரலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வேகவைத்தபோது கொழுப்பு உருகி ஓடுவது வெகுவாகக் குறைந்தது. அந்தப் பிளாஸ்டிக்குக்குக் கிடைத்த புகழ் அதைச் சுற்றியிருந்த தண்ணீருக்குக் கிடைக்கவில்லை. தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த பாத்திரத்தைப் பற்றி யாருமே பேசவில்லை.

நானும் முதலில் பேசவில்லை. தண்ணீரைச் சூடாக்கிச் சுழற்றும் கருவியை வாங்கினேன், பைக்கு வாய் ஒட்டும் கருவியை வாங்கினேன், பாத்திரத்துக்கு மட்டும் வீட்டிலிருந்த எவர்சில்வர் சாம்பார் அண்டாவை எடுத்தேன். சிங்கப்பூர் தேக்காவில் வாங்கிய இரண்டு கிலோ ஆட்டுத்தொடை. 62 டிகிரி, 30 மணி நேரம் என்று கணக்கு. ராத்திரி நிம்மதியாகப் படுத்தேன். காலையில் பார்த்தால் அண்டாவில் தண்ணீர் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறங்கி, கருவி தானாக நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது? தெரியாது. தொட்டுப் பார்த்தேன், குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் இருந்தது. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம் என்பது சமையல்காரன் மனப்பாடம் செய்ய வேண்டிய கணக்கு. மொத்தத்தையும் குப்பையில் போட்டேன். கறிக்காக வருந்தியதைவிட, அண்டாவின் அகன்ற வாயை அன்று வெகுநேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் நினைவிருக்கிறது.

குற்றவாளி அந்த வாய்தான். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே 28 டிகிரி வாக்கில்தான் வருகிறது. 12 லிட்டரை அங்கிருந்து 62-க்கு ஏற்ற அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. ஆனால் அதில் ஒரே ஒரு லிட்டர் ஆவியாகிப் போனால், அது தன்னோடு 0.65 யூனிட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. மொத்தத் தண்ணீரையும் சூடாக்கியதைவிட ஒரு லிட்டரைப் பறிகொடுப்பது அதிகச் செலவு! இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த பிறகுதான் மூடி என்ற பொருளின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அம்மா சென்னையிலிருந்து வந்திருந்தபோது, அண்டாவுக்குள் கருவி முனகுவதைப் பார்த்துவிட்டு, “இது நம்ம பால் குக்கர்தானேப்பா? இதுக்கா இத்தனை வெள்ளி குடுத்தே?” என்றார். சிரித்தேனே தவிர, பதில் இல்லை. இரட்டைச் சுவர், நடுவில் தண்ணீர், தீ பாலைத் தொடவே தொடாது. அதே தத்துவம். இங்கே கோப்பிக் கடைகளில் அரைவேக்காட்டு முட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா உண்டு. மேல் தட்டில் முட்டை, அதன் மேல் கொதிநீர், அடியில் ஒரு சின்ன ஓட்டை. நீர் சொட்டிச் சொட்டிக் கீழ் டப்பாவில் இறங்கி முடியும்போது முட்டை தயார். கடிகாரமும் வெப்பமானியும் இல்லாமல் ஓட்டையின் அளவிலேயே நேரத்தை வைத்தவர் யாரோ, என்னைவிடப் பெரிய ஆள்.

பாத்திரத்துக்கு வருகிறேன். சைனாடவுனில் உணவகச் சாமான் விற்கும் கடையொன்றில், ஊறவைக்கவும் சேமிக்கவும் சமையல்காரர்கள் பயன்படுத்தும் பாலிகார்பனேட் தொட்டி கிடைத்தது. 12 லிட்டர், அகலம் குறைவு, உயரம் அதிகம். அகலம் குறைந்தால் ஆவி போகும் பரப்பும் குறைகிறது. கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால், பை மிதக்கிறதா, கசிகிறதா என்று மூடியைத் திறக்காமலே பார்க்கலாம். அக்ரிலிக்கும் பார்க்க அப்படித்தான் இருக்கும். துளைபோடும்போது விரிசல் விட்டுவிடும். பாலிப்ரொப்பிலீன் விலை மலிவு, உழைக்கும், ஆனால் மங்கல். இந்த மூன்றையும் தடவிப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் கடையில் இருந்தால் அவரிடமே வாங்குங்கள்.

மூடியில் ஓட்டைபோட்டது ஒரு சனிக்கிழமை மதியம். என் கருவியின் கழுத்துக்கு 60 மில்லிமீட்டர். நடுவில் போடக்கூடாது, மூலையில். நடுவில் போட்டால் கறிப் பைக்கு இடம் இருக்காது. அடியில் மரப்பலகை கொடுத்து, டிரில்லில் வட்ட ரம்பத்தை மாட்டி, மெதுவாக. அவசரப்பட்டால் பாலிகார்பனேட் அறுபடாமல் உருகி, ரம்பத்தின் பல்லில் ஒட்டிக்கொள்ளும். பாதி ஆழத்தில் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து அறுத்தால் விளிம்பு பிசிறாது. பிறகு உப்புத்தாள். அடுத்த 30 மணி நேரத்தில் தண்ணீர் இறங்கியது ஒரு விரல்கடை.

ஆவி அடங்கினாலும் சுவர் வழியாகச் சூடு போகிறதே? அதற்கு விலையில்லாமல் தீர்வு கிடைத்தது. தெம்பனிஸ் ஸ்திரீட் 11, புளோக் 137-இல் இருக்கும் ரவுண்ட் மார்க்கெட்டின் மீன்கடை அங்கிள் காலி தெர்மகோல் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். இரும்புபோன்ற தெம்பினிஸ் மரத்தால் பெயர் பெற்ற ஊரில், கிள்ளினால் உதிரும் தெர்மகோலை நம்பி வாழ்கிறேன். தொட்டியை அதற்குள் இறக்கி, இடுக்கில் பழைய துண்டைத் திணித்தேன். சமையல் மேடையும் பிழைத்தது. அதற்கு முன் பல மணி நேரச் சூட்டில் பலகை ஓரம் உப்பத் தொடங்கியிருந்தது. காய்கறிக்கு மட்டும் இந்தச் சட்டை வேண்டாம். காய் இளக 85 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் தெர்மகோல் தாக்குப்பிடிக்குமா என்று சோதிக்க எனக்கு மனமில்லை.

அதனால்தான் கறிப் பைக்குள் வெங்காயமும் இஞ்சியும் போடுவதில்லை. 62-இல் அவை பச்சையாகவே கிடக்கும். உப்பு, மிளகு, மஞ்சள், கூடவே பையை மூழ்கடிக்க ஒரு கனத்த எவர்சில்வர் கரண்டி. தட்டு அடுக்கும் கம்பி ஸ்டாண்டைத் தொட்டிக்குள் வைத்திருக்கிறேன். பைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும், நடுவே தண்ணீர் ஓடும். மசாலா தனியாக வாணலியில், கடைசி அரைமணியில்.

இப்போதிருக்கும் பெட்டி மூன்றாவது. கழுவிக் காயவைத்தாலும் சூடேறும்போது லேசாக மீன் வாசனை அடிக்கிறது, மூலையில் உதிரவும் தொடங்கிவிட்டது. போன வாரம் அங்கிளிடம் கேட்டேன். சால்மன் வருகிற பெட்டி தடிமனானது, வந்ததும் எடுத்து வைக்கிறேன் என்றிருக்கிறார்.