யந்திரத்தின் முதுமையும் எமது கணக்கும்

பழையது என்பதற்காகவே ஒரு பொருளை எறிந்துவிடுவதும், பழையது என்பதற்காகவே அதைக் கட்டிக் காப்பதும் ஒரே குருட்டுத்தனத்தின் இரு முகங்கள். இரண்டிலும் மனிதன் பொருளைப் பார்க்கிறானேயன்றி, அப்பொருளால் ஆகவேண்டிய வேலையைப் பார்ப்பதில்லை. வேகங்குன்றிய ஒரு கணினியை எப்போது மாற்றுவது என்னும் கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். மாதச் சம்பளத்தில் சீவிக்கும் ஆசிரியனுக்கு அது அற்பமான கேள்வியன்று. கூலி, உழைப்பு நேரம், அந்நிய நாணயம், பெருநிறுவனங்களின் ஆதிக்கம் ஆகிய யாவும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன.

வெள்ளவத்தையில் நாம் குடியிருக்கும் வீட்டில் 2014 இல் வாங்கிய மேசைக் கணினி ஒன்று உண்டு. காலையில் அதை இயக்கிவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்தாலும், அது வேலைக்குத் தயாராகியிராது. ஒரு வினாத்தாளைத் திறப்பதற்குச் சில நிமிடங்கள். அச்சிடுவதற்கு மேலும் சில நிமிடங்கள். காலி வீதியிலுள்ள கடையொன்றில் விசாரித்தோம். யந்திரத்தைக் கண்ணாற் காணாமலே, அதன் வயதை மட்டும் கேட்டுவிட்டு, "இனி இதுக்குச் செலவழிக்கிறது வீண்; புதுசு ஒண்டு எடுங்கோ" என்றார்கள். அவர்கள் காட்டிய புதிய யந்திரமோ எமது இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடக்கூடியது.

வயதை மட்டுங் கொண்டு யந்திரத்துக்குத் தீர்ப்பளிக்கும் வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. கணினியின் முன்னோடி எனப் போற்றப்படும் சார்ள்ஸ் பபேஜ், யந்திரங்களின் பொருளாதாரம் பற்றி 1832 இல் ஒரு நூல் எழுதினார். நல்ல கிராக்கியுள்ள சரக்கை உற்பத்தி செய்யும் யந்திரம் தேய்ந்து அழிவது அரிது என்றும், அதற்கு முன்பே அதனினும் மேலான யந்திரம் வந்து அதை ஒதுக்கிவிடும் என்றும் அவர் அதிற் கூறினார். ஐந்தாண்டில் போட்ட முதலை மீட்கவேண்டும், பத்தாண்டில் யந்திரம் இடம்விட்டுப் போகவேண்டும் என்பதே அக்கால ஆலையதிபர்களின் கணக்கு. 1867 இல் வெளியான 'மூலதனம்' முதற் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் இவ்விஷயத்தை மேலும் ஆழமாக ஆராய்ந்தார். யந்திரம் பௌதிக முறையில் தேய்வது ஒன்று. அதே யந்திரம் மலிவாகக் கிடைப்பதாலோ, சிறந்ததொன்று போட்டிக்கு வருவதாலோ அதன் மதிப்புக் குன்றுவது மற்றொன்று. இந்த இரண்டாவது தேய்வு வந்து சேருமுன் முதலை மீட்டுக்கொள்வதற்காகவே முதலாளி வேலைநாளை நீட்ட முயல்கிறான் என்பது அவர் கண்ட உண்மை.

எமது காலத்தில் மூன்றாவது வகைத் தேய்வொன்றும் தோன்றியுள்ளது. அதனை அறிவிப்பால் வரும் தேய்வு எனலாம். 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11 இற்கோ, ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு வேண்டும். ஏறக்குறைய 2017 இற்கு முன் வெளிவந்த செயலிகளிற் பெரும்பாலானவற்றுக்கு அதன் அங்கீகாரப் பட்டியலில் இடமில்லை. அந்தத் திகதிக்கு மறுநாள் எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. நேற்றுச் செய்த வேலையை இன்றும் அவை செய்தன. ஆயினும் உலகெங்கும் கோடிக்கணக்கான யந்திரங்கள் ஓர் இரவுக்குள் 'காலாவதி' ஆகிவிட்டன. பாதுகாப்பு என்ற காரணத்தைப் பொய்யென்று நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்த நாளைக் குறித்தது வெள்ளவத்தை ஆசிரியனின் தேவையன்று என்பதை மறந்துவிடலாகாது.

இனி, செலவு யாருடையது என்பதைப் பார்ப்போம். வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் நூற்பு நெசவு ஆலை இயங்கியது. 1933 இல் அதன் தொழிலாளர்கள் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தபோது, கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் அவர்களுக்குத் துணைநின்றனர். அந்த ஆலைத் தொழிலாளியை ஆலை சுரண்டியது உண்மை. ஆனால் தறி பழையதாகிவிட்டால் புதிய தறியை அவன் தன் கூலியில் வாங்கிவரவேண்டியதில்லை. இன்றைய ஆசிரியனின் நிலை விசித்திரமானது. உழைப்பும் அவனுடையது, யந்திரமும் அவனுடையது. 2020 இல் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எத்தனையோ ஆசிரியர்கள் சொந்தக் கருவியையும் சொந்தச் செலவிலான இணையத்தையும் கொண்டே வகுப்பு நடத்தினர். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021 ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, இந்த உண்மை நாடறிய வெளிப்பட்டது. அடுத்து 2022 வந்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டிற்று. சம்பளம் ரூபாவில், கணினியின் விலையோ டொலரில். ஆகவே 'பழசை மாற்று' என்னும் உபதேசம் எல்லா நாட்டவர்க்கும் ஒரே விலையில் வருவதில்லை.

இவ்வாறு சிந்தித்தபின், அந்த யந்திரத்தைப் பஸ்ஸில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஓர் ஒழுங்கையில், கணினி திருத்துவதையே சீவனோபாயமாகக் கொண்ட இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவர் வயதைக் கேட்கவில்லை, பெட்டியைத் திறந்தார். கடற்கரையோரத்து உப்புக்காற்றும் பத்தாண்டுத் தூசியும் உள்ளே படிந்துகிடந்தன. காற்றாடி அடைபட்டிருந்தது, அதனாற் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் சோதித்துவிட்டு, "சேர், மெசினுக்கு வயது போகேல்லை, டிஸ்க்குக்குத்தான் வயது போட்டுது" என்றார்.

அவர் விளக்கியது எளிமையானது. பழைய வன்தட்டு, சுழலும் தட்டின் மேல் ஓர் ஊசி ஓடியோடித் தேடும் கருவி. எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பே இல்லை; தேடும் நேரம் மிகச் சொற்பம். 'ரேம்' என்னும் நினைவகம் போதாதபோது கணினி அந்த வன்தட்டையே நினைவகமாகப் பயன்படுத்த முனைவதால் வேகம் மேலும் குன்றுகிறது. ஆகவே சேமிப்பகத்தை மாற்றி, நினைவகத்தை இரட்டித்து, தூசியகற்றினார். செலவு, புதுக் கணினியின் விலையிற் பத்தில் ஒரு பங்களவே. இணையத்துக்கு ஏற்றதாகக் கட்டற்ற மென்பொருளான லினக்ஸையும் நிறுவித் தந்தார். இப்போது அது அரை நிமிடத்தில் வேலைக்கு வருகிறது. மெதுவென்பது ஒரு நோயின் பெயரன்று, ஓர் அறிகுறி மாத்திரமே; நோய் எந்த உறுப்பில் என்று காணாமல் உடலையே மாற்றச் சொல்பவன் வைத்தியனல்லன், வியாபாரி.

இவ்வளவுங் கூறியதால், பழைய யந்திரத்தைப் பற்றிக்கொண்டிருப்பதே முற்போக்கு என்று எவரும் கருதிவிடலாகாது. சிக்கனம் என்பது பல வேளைகளில் பிறர் நேரத்தைத் திருடுவதற்கு இட்ட நல்ல பெயர். பாடசாலை அலுவலகமொன்றில் யந்திரம் மெதுவாக இயங்கும்போது, காத்திருப்பவர் அதிபரல்லர், தட்டெழுதும் பெண்தான். நாளொன்றுக்கு முப்பது நிமிடம் அவர் திரையைப் பார்த்தபடி வீணே இருந்தால், இருபது வேலைநாட்களில் அது பத்து மணித்தியாலம். அந்தப் பத்து மணித்தியாலத்தை அவர் மாலையில் வீடு செல்லும் நேரத்திலிருந்தே ஈடுசெய்கிறார். கணக்கேட்டில் மிச்சமாகத் தோன்றும் பணம் ஒரு மனிதரின் வாழ்நாளிலிருந்து கழிக்கப்பட்டதேயாகும்.

எனவே எமது முடிவு இது. திருத்தியும் வேகம் மீளாமல், யந்திரத்தின் தாமதம் பிறர் உழைப்பை உண்ணுமானால் மாற்றவேண்டும். திருத்தச் செலவு புதியதன் விலையிற் பாதியை நெருங்குமானால் மாற்றவேண்டும். பாதுகாப்பு இற்றைப்படுத்தல் எவ்வழியாலும் கிடைக்காத நிலையில், வங்கிக் கணக்கோ மாணவர் விபரமோ அதில் இருக்குமானால், ஒன்றில் இணையத்திலிருந்து துண்டிக்கவேண்டும், அன்றேல் மாற்றவேண்டும். இம்மூன்றும் இல்லாதவிடத்து, கடைக்காரனின் நாட்காட்டி எம்மைக் கட்டுப்படுத்தாது.

மாற்றுவதென்று தீர்மானித்தாலும் அவசரம் கூடாது. எமது ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்கிற் தட்டெழுதிய வினாத்தாள்களும் கட்டுரைகளும் கதைகளும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் உள்ளன. ஒருங்குறிக்கு முந்திய அவ்வெழுத்துரு இல்லாத யந்திரத்தில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தோன்றும். பழைய யந்திரத்தை விடுமுன் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு இடங்களிற் படியெடுத்து வைப்பது, தமிழ் எழுதும் ஒவ்வொருவரின் கடமை.

கழித்த யந்திரம் எங்கே போகிறது என்பதையும் கேட்கவேண்டும். ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் மதிப்பீட்டின்படி, 2022 இல் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று, அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. எஞ்சியதில் ஒரு பகுதியேனும் ஏழை நாடுகளின் ஏழைக் கைகளிலே உடைக்கப்பட்டு, எரிக்கப்பட்டு, ஈயமாகவும் புகையாகவும் அவர்தம் உடலிற் சேர்கிறது. எமது வீட்டில் வேகங் குறைந்த யந்திரம், கட்டற்ற மென்பொருளுடன் ஒரு வாசிகசாலையில் இன்னும் பல ஆண்டு பயன்படலாம். ஒரு மாணவி அதில் முதன்முதலாகத் தட்டெழுதப் பழகலாம்.

ஆனால் தனிமனித விவேகம் மட்டும் போதாது. கற்பித்தலுக்கு யந்திரம் வேண்டுமெனக் கேட்கும் சமுதாயம், அந்த யந்திரத்தையும் அதைத் திருத்தும் செலவையும் ஆசிரியனின் பொறுப்பில் விட்டுவிடுதல் நீதியன்று. ஒவ்வொரு வலயத்திலும் ஒரு பொதுத் திருத்தகம். திறக்கக்கூடிய, உதிரிப்பாகம் கிடைக்கக்கூடிய யந்திரங்களையே அரசு கொள்வனவு செய்தல். அலுவலகங்கள் கழிப்பவற்றைச் சீராக்கிப் பாடசாலைகளுக்கு வழங்குதல் ஆகியவை எமது சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு சேர்த்து எழுப்பவேண்டிய கோரிக்கைகள். யந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் உரிமை, அதை விற்பவனிடமன்று, அதனோடு உழைப்பவனிடமே இருக்கவேண்டும்.