பற்றரிக் கோட்டை

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 செக்கன் கூடும். அதை நம்பியே நெடுநேரமாக மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தேன். வவுனியாவில் ஒரு பாடசாலை மண்டபம். எதிரே முல்லைத்தீவில் இருந்து விடியப்புறப் பஸ்ஸில் வந்த தம்பி. அவரிடம் ராஜா, கோட்டை, ஒரு சிப்பாய். என்னிடம் ராஜாவும் கோட்டையும் மட்டும். இந்த மணிக்கூடும் பற்றரியில்தானே ஓடுகிறது என்று அந்த நேரம் பார்த்து ஒரு நினைப்பு.

1996இல் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு மல்லாவியில் இருந்தோம். பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் பற்றரி விடமாட்டார்கள். இருந்ததை வெயிலில் காயவைத்துக் காயவைத்து ரேடியோவுக்குப் போடுவோம். முற்றாகச் செத்ததையும் அப்பா எறியமாட்டார். இடம்பெயர்ந்த அவதியில் சதுரங்கப் பெட்டியில் ஒரு கோட்டை தவறிப் போயிருந்தது. அந்தக் கட்டத்தில் பற்றரி ஏறி நின்றது. ஜாம் போத்தல் விளக்குக்குப் பலகையின் பாதிதான் தெரியும்.

"அந்தரப்படாதை. கோட்டையை உன்ர மூன்றாம் வரிசையில வைச்சிரு. அவன்ர ராஜா உள்ள வராது. சிப்பாய் அந்த வரிசைக்கு வரட்டும், பிறகு கோட்டையை அங்கால் அந்தத்துக்கு ஓட்டி, பின்னால நிண்டு செக் குடு."

பிலிடோர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1777இலேயே இதை எழுதிவைத்தார் என்று பின்னாளில் வாசித்தேன். அப்பா யாரிடம் படித்தாரோ, கேட்டுவைக்காமல் விட்டுவிட்டேன். 2002இல் ஏ9 பாதை திறந்ததும் இதே வவுனியாவில்தான் புதுக் காய்கள் வாங்கினோம். அப்பா பற்றரியைப் பெட்டியை விட்டு எடுக்கவில்லை.

தம்பியின் ராஜா முன்னேறப் பார்த்தது. முந்திக்கொண்டு செக் கொடுக்க என் கை எழும்பியது. தொட்டால் ஆடியே தீரவேண்டும். கையை இறக்கித் தொடையில் வைத்தேன். கோட்டை அதே வரிசையில் இடமும் வலமுமாக நடந்தது. இப்படிக் காத்து நிற்பதைப் பலர் ஆட்டமாக மதிப்பதில்லை. எனக்கு இதுதான் ஆட்டம்.

கடைசியில் சிப்பாய் அடி வைத்தது. என் கோட்டை மறுகரைக்கு ஓடியது. செக். செக். மறுபடி செக். அவருடைய ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை.

"அண்ணை, ட்ரோவோ?"

கை கொடுத்தேன். அரைப் புள்ளி.

அப்பாவின் பலகையும் அந்தப் பற்றரியும் 2009இல், முள்ளிவாய்க்காலுக்குப் போகிற வழியில் விடுபட்டுப் போயின.